உதயகலா ஒளிக்கவில்லை

ஒளித்தாள், ஒளித்தாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களே, எதை ஒளித்தாள்? வீட்டிலுள்ள நோயை, வருத்தத்தை ஒளிக்கிறவள் வாசல் படலையில் வேப்பிலைக் கொத்துக் கட்டுவாளா? அதுவும் ஆடுகூட எட்டிக் கடிக்கிற உயரத்தில்? சண்டிலிப்பாயில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு, படலையில் வேப்பிலையைக் கண்டால் உள்ளே என்னவென்று விளங்காதா? விளங்கியது. எல்லோருக்கும் விளங்கியது. விளங்கியும், கையிலிருந்த போன் சொன்னதைத்தான் நம்பினார்கள்.

கேட்க மனமிருந்தால் கேளுங்கள். மனமில்லையென்றால் போனைத் தட்டிக்கொண்டிருங்கள். கதை எப்படியும் சொல்லப்படும்.

உதயகலா சண்டிலிப்பாய்க்காரி அல்ல. அதை முதலே சொல்லிவிடுவோம், பிறகு யாரும் புதிதாய்க் கண்டுபிடித்ததுபோல வந்து சொல்ல வேண்டாம். மயிலிட்டியில் அவளுடைய தகப்பனுக்குச் சொந்தமாய் வள்ளம் இருந்தது. அவள் தாயின் இடுப்பில் இருக்கிற வயதில், செல்லடிக்குப் பயந்து சனமெல்லாம் கடற்கரையை விட்டு எழும்பியது. பிறகு அந்தப் பக்கம் இராணுவ வலயத்துக்குள் போனது. அவள் வளர்ந்தது முகாமில். அந்த முகாமில் ஒரே ஒரு குழாய். தண்ணீருக்கு நிற்கிற கிழவிகள் வெயிலில் மயங்கி விழுவார்கள். உதயகலா சின்னப் பெட்டையாக இருக்கும்போதே ஒரு வேலை செய்தாள்: ஆட்களை நிழலில் இருத்திவிட்டு, வாளிகளை மட்டும் வரிசையில் வைத்தாள். வாளி முன்னே நகர்கிறபோது பெயரைக் கூப்பிடுவாள். யாராவது இடையில் வாளியைச் செருகினால் அவ்வளவுதான், முகாமின் மற்ற முனைக்கும் கேட்கிற மாதிரி ஏச்சு விழும்.

அந்த ஏச்சில்தான் சுதாகரன் மாட்டினான். சண்டிலிப்பாயில் புகையிலையும் வெங்காயமும் வைக்கிற தோட்டக்காரன். முகாமுக்கு மரக்கறி கொண்டுவந்து விற்றவன், நிறையில் குறைத்தான் என்று அவளிடம் நல்லாய் வாங்கிக் கட்டினான். மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். அவனுடைய தாய் சிவக்கொழுந்துவுக்குக் கடற்கரைப் பக்கத்துச் சம்பந்தம் பிடிக்கவில்லை. கலியாணத்துக்கு வந்தா, பந்தியில் குந்தவில்லை. பிறகு ஒரே வீட்டில் இருந்து, ஒரே குசினியில் சமைத்து, ஒருவரை ஒருவர் பொறுத்துப் பழகினார்கள். மகள் தக்சாயினி பிறந்தபோது குழந்தையை முதலில் தூக்கியது சிவக்கொழுந்துதான். அன்றைக்கும் மருமகளோடு பெரிதாய்க் கதைக்கவில்லை.

பிரதேச சபைக்குள் பெண்களும் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, கட்சிக்கு ஒரு பெண்ணின் பெயர் தேவைப்பட்டது. ஊரில் கட்சியை நடத்துகிற மார்க்கண்டு, புகையிலை வியாபாரி, சுதாகரனிடம் சரக்கு எடுக்க வந்த இடத்தில் உதயகலாவையும் பார்த்தார்.

“தங்கச்சி, பேருக்குத்தான். கூட்டத்துக்கு வந்து நாங்கள் தூக்கேக்கை நீயும் கையைத் தூக்கினால் காணும்.”

அவள் தூக்கினாள். தூக்கிய கையை அதற்குப் பிறகு கீழே போடவில்லை. தெருவிலும் ஒழுங்கையிலும் விளக்கு ஏன் எரியவில்லை, சந்தையில் நாள் முழுக்கக் குந்தியிருக்கிற பெண்கள் எங்கே ஒதுங்குவது, மழை வெள்ளம் யாருடைய வளவுக்குள் போகிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டாள். மார்க்கண்டு தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். “உவளைக் கொண்டுவந்தது நான்தான்,” என்று மற்றவர்களிடம் பெருமையாகவும் சொல்வார்.

கொரோனா வந்தபோது சந்தையை மூடினார்கள். தனிமைப்படுத்திய வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் மாவும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனது யார்? படலையில் வைத்துவிட்டு, எட்டி நின்று, “எடுங்கோ, எடுத்திட்டுக் கையைக் கழுவுங்கோ,” என்று சொல்லிவிட்டு வந்தது யார்? இப்போது ஒளித்தாள் என்கிற வாய்கள் அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்ற வாய்கள்தான்.

அந்த மாரியில் சபையின் பட்ஜெட் இரண்டாம் முறையும் தோற்றது. தோற்றால் சபைத் தலைவரான தவிசாளர் பதவியை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும்; புதுத் தவிசாளரை உறுப்பினர்கள் கைதூக்கித் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமன். மற்றப் பக்கத்து ஆள் ஏரம்பு. சந்தை மூடினபடியே கிடக்கட்டும், திறந்தாலும் வெளியூர்ச் சனம் வந்து குந்தக்கூடாது என்பது அவருடைய கதை. மார்க்கண்டு கணக்குப் பார்த்து, உதயகலாவின் பெயரைச் சொன்னால் மற்றப் பக்கத்திலிருந்தும் சிலர் வருவார்கள் என்றார். தைப்பொங்கல் கழிந்த அடுத்த கிழமை வாக்கெடுப்பு.

உதயகலா வாய்விட்டு எதற்கும் ஆசைப்பட்டவள் அல்ல. அந்தக் கதிரைக்கு ஆசைப்பட்டாள். அதை மறைக்கவும் இல்லை. சந்தை மூடிய நாள் முதல் கீரையும் கத்தரிக்காயும் விற்கிற பெண்கள் மதகடியில் சாக்கை விரித்துக்கொண்டு, பொலிஸ் வாகனம் வந்தால் சாக்கை வாரிக்கொண்டு ஓடினார்கள். சந்தைக்குள் இடம் விட்டு இடம் இருத்தி, முறை வைத்துத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் நொந்தது. கதிரை கிடைத்தால் முதல் வேலை அதுதான். அந்த நாட்களில் அவளுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உலையை வைத்துவிட்டுப் படலைக்குப் போவாள். படலையில் நின்றுகொண்டு அடுப்பை நினைப்பாள்.

பொங்கலுக்கு மறுநாள் தக்சாயினிக்குக் காய்ச்சல். அடுத்த நாள் காலையில் கழுத்தடியில் முத்து முத்தாய்ப் போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பொக்குளிப்பான், சின்னம்மை என்பார்கள். வீட்டில் அந்தப் பெயர் சொல்வதில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்பதுதான் பேச்சு. சிவக்கொழுந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கிணற்றடி வேம்பில் கொத்து முறித்துக்கொண்டுவந்து, படலையில் கட்டினா. அதற்குப் பிறகு வீட்டுக்குச் சட்டம் வேறு. தாளிக்கக் கூடாது. தலை சீவக் கூடாது. சத்தம் போடக் கூடாது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வரக் கூடாது, உள்ளே இருப்பவர்களும் வெளியே போகக் கூடாது. பிள்ளைக்கு வேப்பிலைத் தண்ணீர் மூன்று முறை வார்க்க வேண்டும். மூன்றாம் தண்ணி வார்த்த பிறகுதான் வீடு வழமைக்குத் திரும்பும்.

கணக்குப் பார்த்தாள் உதயகலா. மூன்றாம் தண்ணிக்கு அடுத்த நாள் அல்ல, அதற்கடுத்த நாள் வாக்கெடுப்பு. போதும் என்று நினைத்தாள்.

மூன்றாம் தண்ணிக்கு இரண்டு நாள் முன்பு பி.எச்.ஐ. நிருஷன் வந்தான். சுகாதாரப் பரிசோதகர், சின்ன வயது, ஊரில் எல்லா வீட்டுப் படலையும் அவனுக்குத் தெரியும். கொரோனா நாட்களில் உதயகலாவோடு சேர்ந்து அலைந்தவன். கையில் பரிசோதனைப் பெட்டி.

“அக்கா, உங்கடை வீட்டிலை காய்ச்சலெண்டு ஆரோ போன் அடிச்சுச் சொல்லியிருக்கினம். சொன்னால் எனக்கு வராமல் இருக்கேலாது.”

“வந்தது சரி தம்பி. பிள்ளைக்கு அம்மாள் வந்திருக்கிறா. படலையைப் பாக்கேல்லையே?”

“பாத்தனான். எண்டாலும் ஒருக்கால் மூக்குக்குள்ளை எடுத்திட்டால் ஒருத்தரும் கதைக்கேலாது.”

உள்ளேயிருந்து சிவக்கொழுந்துவின் குரல் வந்தது. “தெருத் தெருவாய் மிதிச்ச சப்பாத்தோடை உள்ளுக்கை வரேலாது, தம்பி. அம்மாள் இருக்கிற வீடு. கொம்மாட்டைக் கேட்டுப்போட்டு வா.”

நிருஷன் சிரித்தான். “அம்மா என்னைக் கொன்றுபோடுவா, ஆச்சி. எனக்குத் தெரியும்.”

உதயகலா இரண்டு பக்கமும் பார்த்தாள். எத்தனை வீட்டுப் படலையில் நின்று, பயப்படாமல் பரிசோதனைக்கு விடுங்கோ என்று கெஞ்சியிருப்பாள்? தன் படலையில் நின்றபோது அவளுக்கு வேறு விதமாகத்தான் தோன்றியது. வீட்டில் எல்லோரும் கதவுக்குள்தானே இருக்கிறார்கள், யாருக்கு என்ன கேடு?

“நாளையிண்டைக்கு மூண்டாம் தண்ணி வாக்கிறம். அண்டைக்குப் பின்னேரம் வாங்கோ தம்பி. அதுவரைக்கும் ஒருத்தரும் வெளிக்கிடமாட்டம். அது என்ரை பொறுப்பு.”

“சரி அக்கா.” அவனுக்கு அதில் ஒரு கடினமும் இருக்கவில்லை. அம்மாள் இருக்கிற வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகக் கூடாது. சொன்னால் வருத்தம் கூடவே வரும். வேப்பிலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பி, விறுவிறென்று நடந்தான். முறை அதுதான்.

அவன் அப்படித் திரும்பி நடந்ததை ஒழுங்கையில் யாரோ போனில் எடுத்துவிட்டார்கள். முன்னே கதைத்தது அதில் இல்லை. கும்பிட்டதும் பாதிதான். இருந்தது இவ்வளவு: படலைக்குள் சபை உறுப்பினர் உதயகலா, படலைக்கு வெளியே பெட்டியோடு பி.எச்.ஐ., ஒரு சொல்லும் இல்லாமல் அவன் விலகிப் போகிறான்.

அதோடு வாட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ், குரல்பதிவு, வந்தது. பெண்குரல், அழுகிறாப்போல. பக்கத்து வீட்டில் காய்ச்சல், பி.எச்.ஐ.யைப் படலையிலேயே திருப்பிவிட்டா, அவ மயிலிட்டிக்குப் போய்வந்தவ என்றது. அவ்வளவுதான் அந்த வொய்ஸ். கேட்டவர்களுக்கு மிச்சம் தானாய் வந்தது. மயிலிட்டி என்றால் மீன், மீன் என்றால் கொழும்பு மீன் சந்தைக்குப் போய்வரும் லொறி, லொறி என்றால் கொரோனா. உதயகலா மயிலிட்டிக்குப் போய் எவ்வளவோ காலம். கரையைத் திரும்ப விட்டபின் அங்கே போய்க் குடியேறிய தமையன் மீன் அனுப்புவதையே நிறுத்திவிட்டான். யார் கேட்டது? பின்னேரத்துக்குள் பேஸ்புக்கில் ஒரு பக்கம் அந்த வீடியோவுக்கு மேல் பறைமேளச் சத்தம் சேர்த்து, அவள் பொதி கொடுக்கிற பழைய படத்தையும் ஒட்டி, ‘வருத்தம் பங்கிடும் வருங்காலத் தவிசாளர்’ என்று போட்டது.

அடுத்த நாள் விடியப் படலைக்கு வெளியே அவள் கொண்டுபோய்க் கொடுத்த உலர் உணவுப் பொதிகள் கிடந்தன. பிரித்துப் பாதி எடுத்தவை, பிரிக்காதவை. கோதுமை மா சிந்தி, அதில் காகம் கிளறிக்கொண்டிருந்தது. உதயகலா கூட்டப் போகவில்லை. வெளியே இறங்கக் கூடாதே. படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். திரும்ப உள்ளே போனாள். திரும்ப வந்து பார்த்தாள்.

“நிண்டு பாத்தால் மா குறையுமோ?” என்றா சிவக்கொழுந்து.

“எப்பிடி மாமி இருக்கிறது?”

“இருக்கிறதுதான். அம்மாள் இருக்கிற வீட்டிலை கொதிக்கக் கூடாது.”

மார்க்கண்டு அன்றைக்கு மூன்று நான்கு தரம் போன் எடுத்தார். ஒவ்வொரு தரமும் குரல் கொஞ்சம் இறங்கியது.

“தங்கச்சி, பிள்ளையின்ரை முதுகை ஒருக்கால் வீடியோ எடுத்துப் போடு. சனம் பாத்துப்போட்டு வாயை மூடும்.”

“அம்மாள் வந்த பிள்ளையைப் படம் எடுக்கிறதோ, அண்ணை?”

“நான் என்ன ஆசைக்கே சொல்லுறன்? எங்கடை ஆக்களே வழுகிறாங்கள். ஏரம்பு வீடு வீடாய்ப் போய் அந்த வொய்ஸைப் போட்டுக் காட்டுறார். ஒரு வீடியோ. பத்துச் சொட்டு முத்துத் தெரிஞ்சால் காணும்.”

“பாப்பம்.”

“பாக்கிறதுக்கு நேரம் இல்லைப் பிள்ளை. கதிரை வேணுமோ வேண்டாமோ?”

வேணும். அதுதான் அவளைச் சுட்டது. மத்தியானம் சிவக்கொழுந்து அயர்ந்த நேரம் பார்த்துப் போனை எடுத்துக்கொண்டு மகளுடைய அறைக்குள் போனாள். யன்னல் மூடியிருந்தது. வெள்ளை வேட்டிக்கு மேல் வேப்பிலை பரப்பி, அதில் குப்புறக் கிடந்தாள் தக்சாயினி. முதுகெல்லாம் முத்துக்கள் பழுத்திருந்தன. உதயகலா யன்னலைக் கொஞ்சம் திறந்து வெளிச்சம் விட்டாள். போனை உயர்த்தினாள்.

“என்னம்மா செய்யிறியள்?”

“ஒண்டுமில்லை. அசையாமல் கிட.”

“படமோ? ஆருக்கு?”

“எல்லாரும் பாக்கத்தான். அம்மா பொய் சொல்லேல்லை எண்டு தெரியவேணும்.”

பிள்ளை தலையைத் திருப்பிப் போனைப் பார்த்தாள். பிறகு, “எங்கடை வகுப்புப் பெடியளும் பாப்பினமோ?” என்றாள்.

உதயகலா போனைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தாள். பிள்ளையின் முகம் தெரியாமல் எடுக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? எல்லோருக்கும்தான் தெரியப்போகிறது, அதற்காகத்தானே எடுப்பது. பிள்ளை பெரியவளான பிறகும் இந்த முதுகு யாருடைய போனிலாவது கிடக்கும். யாராவது அதற்கும் ஒரு மேளம் அடிப்பான். அவள் யன்னலைச் சாத்தினாள். போனைக் குசினி அலுமாரிக்கு மேல், பிள்ளைக்கு எட்டாத இடத்தில் என்று நினைத்து, தனக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

அந்த வொய்ஸின் குரல் யாருடையதென்று அவளுக்கு முதல் தரம் கேட்டபோதே தெரியும். பக்கத்து வளவு நல்லம்மா. பின்னேரம் மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்டதும், உதயகலா மதிலடிக்குப் போனாள். எட்டி நின்று, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கூப்பிட்டாள்.

“நல்லம்மாக்கா. உங்கடை குரல் கனடா போய்த் திரும்பி வந்திட்டுது. மதிலாலை கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் அலைஞ்சிருக்கத் தேவையில்லை.”

வாளி தரையில் வைக்கிற சத்தம். 

“கேக்குதோ?”

“கேக்குது பிள்ளை.” நல்லம்மா மதிலுக்குக் கிட்ட வந்தா. “நான் பேஸ்புக்குக்குச் சொல்லேல்லை. கனடாவிலை இருக்கிற மகள் லவீனாவுக்குத்தான் சொன்னனான். என்ரை மனிசனுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியிலை ரத்தம் சுத்தம் செய்யிறது, உனக்குத் தெரியும்தானே. கொரோனா வந்தால் தாங்கமாட்டார் எண்டு டொக்டர் சொன்னவர். மயிலிட்டிக்குப் போய்வந்தவவோ தெரியேல்லை, எனக்குப் பயமாயிருக்கு எண்டுதான் சொன்னனான். பிள்ளை பயந்துபோய் ரொறன்ரோவிலை ஆரிட்டையோ கேட்டிருக்கிறாள். ஆரோ வெட்டிப்போட்டாங்கள்.”

“தெரியேல்லை எண்டதையோ வெட்டினவங்கள்?”

“ஓம். பயமாயிருக்கெண்டதையும்.”

உதயகலாவுக்கு ஏச வந்தது. முகாமில் வாளி செருகினவர்களை ஏசின மாதிரி, ஒழுங்கை முழுக்கக் கேட்க ஏச வந்தது. அம்மாள் இருக்கிற வீடு. விழுங்கினாள்.

“அப்ப இன்னொரு வொய்ஸ் போடுங்கோவன். அது அம்மாள் வருத்தம்தான், படலையிலை வேப்பிலை இருக்கெண்டு.”

“போட்டனான். நேற்றே போட்டனான். லவீனாவும் அந்தப் பக்கத்துக்காரனுக்கு அனுப்பினவள். அவன் போடேல்லை. சனம் அதைக் கேக்காதாம்.”

பிறகு நல்லம்மா, “அவருக்குத் தண்ணி கொதிக்கவைக்க வேணும்,” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனா. அந்த மனிசியை வில்லியாக்காதீர்கள். பயந்தவ அவ. பயத்தை எடுத்து வாக்குக்கு விற்றது வேறு ஆட்கள்.

மூன்றாம் தண்ணி வார்த்தார்கள். அன்றைக்குப் பின்னேரம் சொன்னபடி நிருஷன் வந்தான். சப்பாத்தைப் படலையில் கழற்றிவிட்டு முற்றத்துக்கு வந்து, எல்லோருக்கும் மூக்கில் எடுத்தான். சிவக்கொழுந்துவுக்குத் தும்மல் வந்து அவனைத் திட்டினா. வருகிறபோது ஒழுங்கையில் ஒருவரும் போனைத் தூக்கவில்லை என்று அவனே சொன்னான்.

“அண்டைக்குத் திரும்பிப் போனது என்ரை பிழைதான் அக்கா. ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம்.”

“சொல்லக் கூடாதுதானே.”

“ஓம். சொல்லக் கூடாதுதான்.”

நிருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலைக்குப் போய்ச் சப்பாத்தை மாட்டினான்.

வாக்கெடுப்பன்று காலையில் முடிவு வந்தது. வீட்டில் ஒருவருக்கும் கொரோனா இல்லை. உதயகலா மார்க்கண்டுவுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தாள்.

“அண்ணை, முடிவு வந்திட்டுது. ஒருத்தருக்கும் இல்லை.”

“நல்ல விசயம், தங்கச்சி.” மூச்சு விடுகிற சத்தம். “ஆனால் இப்ப அதை ஆர் கேக்கப்போகினம்? எல்லாம் முடிஞ்சுது. உன்ரை பேரை முன்மொழிய ஒருத்தரும் இல்லை. எங்கடை ஆக்களும் ஏரம்புக்குத்தான் தூக்கப்போறாங்கள். அடுத்த எலெக்சனிலை சனத்தின்ரை முகத்திலை முழிக்கவேணுமெல்லே.”

“நீங்கள்?”

“என்ன நான்?”

“நீங்கள் ஆருக்குத் தூக்கப்போறியள், அண்ணை?”

மார்க்கண்டு செருமினார். “கட்சி ஒண்டாய் நிக்கவேணும். நீ இண்டைக்கு வராதை. வந்தால் மற்றவங்கள் எழும்பிப் போவாங்கள். பிறகு கூட்டத்தைக் குழப்பினது நாங்கள் எண்டாகும். வீட்டிலை இரு. பிள்ளையைப் பார். நாளைக்கு எல்லாம் ஆறிடும்.”

அவள் போனைத் திரும்ப அலுமாரிக்கு மேல் வைத்தாள். கதிரை போய்விட்டது. அது அவளுக்கு நன்றாய் விளங்கியது, அழவும் இல்லை. ஏரம்பு வந்தால் சந்தைப் பூட்டு துருப்பிடிக்கும். மதகடியில் குந்துகிற பெண்கள் சாக்கை வாரிக்கொண்டு ஓடிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு ஒரு கைகூட எதிர்த்து எழும்பவில்லை என்று நாளைக்குச் சபையில் சொல்வார்கள். எல்லோரும் ஒரு மனதாய் என்பார்கள்.

முகம் கழுவினாள். கூட்டங்களுக்குக் கட்டுகிற சேலையை எடுத்துக் கட்டினாள். பல நாள் சீவாத தலையை வாரியபோது சிக்கு விழுந்து சீப்பில் பல் உடைந்தது. சுதாகரன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.

“கலா, போறதெண்டால் பின் ஒழுங்கையாலை கொண்டுபோய் விடுறன். சனம் காணாது.”

“சனம் காணத்தான் போறன்.”

“கல்லெறிஞ்சாலும் எறிவாங்கள்.”

“எறியட்டும். எட்டி நிண்டுதானே எறிவினம்.”

சிவக்கொழுந்து குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. தோளில் தக்சாயினி சாய்ந்து நின்றாள், முத்து காயாத முகத்தோடு.

“உவன்ரை கதையைக் கேளாதை,” என்றா சிவக்கொழுந்து. “பின் ஒழுங்கையாலை போனால் பிறகு வாழ்நாள் முழுக்க அதாலைதான் போகவேணும். என்னத்துக்குப் போறாய்? கதிரைதான் இல்லையெண்டாச்சு.”

“கை இருக்கு மாமி. ஏரம்புக்கு எதிராய் ஒரு கை எழும்பினதெண்டு எழுதட்டும்.”

“சாப்பிட்டிட்டுப் போ.”

“வந்து சாப்பிடுறன்.”

மார்க்கண்டு திரும்ப எடுக்கிறார் போல, அலுமாரிக்கு மேல் போன் கிறுகிறுத்தது. ஒருவரும் அதை எடுக்கவில்லை. உதயகலா மாஸ்கைக் காதில் மாட்டி, மூக்குக்கு மேல் இழுத்துவிட்டாள். முன்வாசலால் இறங்கி, முற்றத்தைக் கடந்து, படலையைத் திறந்தாள்.

ஒழுங்கையில் தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒருத்தி அவளைக் கண்டதும் வேலியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நடந்த பிள்ளையையும் இழுத்து முதுகுக்குப் பின்னால் விட்டாள்.

“நல்லது,” என்றாள் உதயகலா. “அப்பிடித்தான், எட்டி நில்லுங்கோ. மாஸ்கை மட்டும் மூக்குக்கு மேலை விடுங்கோ.”

சொல்லிவிட்டுச் சபைப் பக்கம் நடந்தாள்.